இரத்த அழுத்தக் குளிசை: முறை அறிந்து குடிப்போம்

இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில், “பிரஷருக்குக் குளிசை குடிக்கிறேன்” என்று சொல்பவர்கள் இன்று பலர். ஆனால், “என்ன குளிசை? எத்தனை? எந்த நேரம்?” என்று கேட்டால், “வெள்ளைக் குளிசை ஒன்று, சின்னக் குளிசை ஒன்று” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். சிலர், “தலை சுற்றினால் குடிப்பேன், சுகமாயிருந்தால் விட்டுவிடுவேன்” என்பார்கள். இந்த அறியாமையால் கை கால் விளங்காமல் படுக்கையில் விழுந்தவர்களும் உண்டு. ஆகவே, இக்குளிசைகளைப் பிழையின்றிக் குடிக்கும் முறையை இவ்வாரம் பாடமாகப் படிப்போம். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை மற்றவர்களுக்கு இதை வாசித்துக் காட்டட்டும்.

1. நோவில்லாத நோய்

இதயம் ஒவ்வொரு முறையும் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தமே மேல் எண். இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் வேளையில் உள்ளது கீழ் எண். கிளினிக் புத்தகத்தில் 120/80 என்று எழுதுவது இவ்விரண்டையுமே. வேறு வேறு நாட்களில் ஓய்வாக இருந்து அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால், அது உயர் இரத்த அழுத்தம்.

இந்நோய்க்குப் பெரும்பாலும் நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தலையிடியும் தலைச்சுற்றும் இல்லாமலே அழுத்தம் 180க்கு ஏறியிருக்கலாம். ஆனால் உள்ளே மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகிய நான்கும் மெல்ல மெல்லப் பழுதடைந்துகொண்டிருக்கும். உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தமக்கு நோய் இருப்பதையே அறியார் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மேல் மலையிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க வாங்கக் கையை நீட்டினால் எண் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடமாவது முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய உட்கார்ந்திருத்தல் வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் தேநீர், வெற்றிலை, புகையிலை, சுருட்டு எதுவும் கூடாது. சலம் முட்டியிருந்தால் கழித்துவிட்டு வர வேண்டும். அளக்கும்போது கதைக்கவும் கூடாது.

2. குளிசையால் பயன் உண்டா?

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் திகதி மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். அன்று அவருடைய அழுத்தம் 300/190 என்று பதிவாகியது. உலகின் வல்லமை மிக்க நாட்டின் தலைவருக்கும் அந்நாளில் கொடுப்பதற்குத் தகுந்த மருந்து இருக்கவில்லை.

பின்னர் குளிசைகள் வந்தன. எட்வர்ட் பிரைஸ் என்ற வைத்தியர் தலைமையில், கடுமையான அழுத்தமுடைய 143 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு 1967இல் வெளியானது. வெற்றுக் குளிசை பெற்ற 70 பேரில் 27 பேருக்குப் பாரதூரமான கேடு நேர்ந்தது. மருந்து பெற்ற 73 பேரில் அவ்வாறு கேடுற்றவர்கள் இருவர் மட்டுமே. அன்று முதல் உலகெங்கும் வைத்தியர்கள் இம்மருந்துகளை நம்பிக்கையோடு கொடுத்து வருகிறார்கள்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத அந்த மருந்து இன்று தெரணியகலையிலும் கறவனெல்லையிலும் பலாங்கொடையிலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. அதை வாங்கி வந்து தகரப் பெட்டிக்குள் போட்டுவைப்பதால் யாருக்கு என்ன பயன்?

3. ஏன் விடுகிறோம்?

குளிசையை விடுவோர் எல்லாரும் அசட்டையால் விடுவதில்லை. தோட்டத்து வாழ்வில் அதற்கென்றே சில காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

“கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும்.” உண்மைதான். கொழுந்து பறிப்பவருக்கும் இறப்பர் பால் வெட்டுபவருக்கும் ஒரு நாள் சம்பளம் சிறிதல்ல. அதனால் ஒரு மாதக் குளிசையைப் பாதி பாதியாய்க் குடித்து இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார்கள். பாதிக் குளிசை பாதி நோயைத் தீர்க்காது; கட்டுப்படாத அழுத்தத்தோடு கட்டுப்பட்டதாய் நினைத்திருக்கும் ஏமாற்றத்தையே தரும். கிளினிக் நாளை முன்கூட்டியே கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். அழுத்தம் கட்டுப்பட்டிருப்பவர், இரண்டு மாத மருந்து தர முடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம், கேட்பதில் குற்றமில்லை.

“சலக் குளிசை குடித்துவிட்டு மலைக்குப் போக முடியாது.” இதைப் பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற குளிசை சலத்தைக் கூட்டும். மலையில் மலசலகூடம் இல்லாதபோது வேலை நாளெல்லாம் அதை விட்டுவிடுகிறார்கள். சிலர் தண்ணீரையும் குடிப்பதில்லை. இரண்டும் கேடு. வைத்தியரிடம் இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்த பிறகு குடிக்கும்படி நேரத்தை மாற்றவோ, வேறு குளிசை கொடுக்கவோ அவரால் முடியும். பிரித்தானியாவில் 21,104 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தக் குளிசைகளைக் காலையில் குடித்தவர்களுக்கும் மாலையில் குடித்தவர்களுக்கும் மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. மறவாமல் குடிக்கக்கூடிய நேரமே நல்ல நேரம்.

“இப்போது பிரஷர் சரியாகிவிட்டது.” சரியாகியிருப்பது குளிசையால். கூரைத் தகரம் இருப்பதால் வீடு நனையவில்லை. நனையவில்லை என்பதற்காகத் தகரத்தைக் கழற்றுவோமா?

“நெடுக மருந்து குடித்தால் கிட்னி பழுதாகும்.” கட்டுப்படாத அழுத்தமே சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. சில குளிசைகளுக்கு இடையிடையே இரத்தப் பரிசோதனை தேவை என்பது மெய். அதற்குத்தான் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகச் சொல்கிறோம்.

“மூன்று குளிசை தந்துவிட்டார்கள், நோய் முற்றிவிட்டது போலும்.” அப்படியல்ல. இலங்கை ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 நோயாளரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று மருந்துகளைச் சிறு அளவில் ஒரே குளிசையாகச் சேர்த்துக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேரின் அழுத்தம் வேண்டிய அளவுக்கு இறங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றோரில் அது 55 பேர். பல மருந்துகளைச் சிறு அளவில் சேர்ப்பது பலன் தரும் முறைகளில் ஒன்று.

4. குளிசைகளை அறிந்துகொள்வோம்

லோசார்டன், எனலப்ரில்: இவை இரத்தக் குழாயைத் தளர்த்துபவை. எனலப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். இருமல் பாணி குடித்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இவ்விரண்டும் ஆகா. வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். கரு தரித்ததாய் ஐயம் வந்ததும், நாள் கடத்தாமல் மருத்துவமாதுவிடமோ வைத்தியரிடமோ சொல்ல வேண்டும். அக்காலத்துக்கென்று வேறு குளிசைகள் உண்டு.

அம்லோடிபின், நிபெடிபின்: இவற்றால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். நெடுநேரம் வேலை செய்யும் வகையான நிபெடிபினை உடைக்கவோ அரைக்கவோ மெல்லவோ கூடாது. மருந்து முழுவதும் ஒரேயடியாய் இறங்கி அழுத்தத்தைத் திடீரென விழுத்திவிடும்.

அட்டெனலோல், பிசோபுரலோல்: இதயத் துடிப்பை அடக்குபவை. இழுப்பு நோய் உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரக்கூடும்.

பிராசோசின்: முதற் தடவை குடிக்கும்போது எழுந்தால் கண் இருண்டு விழச் செய்யலாம். ஆகவே முதற் குளிசையைப் படுக்கப் போகும் நேரத்தில் குடிப்பது வழக்கம். விடியற்காலையில் எழுந்து சரிவான மலைக்குப் போகும் பால் வெட்டுவோர், கட்டிலில் சிறிது உட்கார்ந்திருந்து மெல்ல எழும்புதல் நல்லது.

ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது? நினைவு வந்ததும் குடியுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளைக் குளிசையை ஒன்றாய்ப் போடுதல் கூடவே கூடாது.

கிளினிக் நாளன்று காலைக் குளிசையைக் குடிக்காமல் போவது பலருடைய பழக்கம். அதனால் எண் கூடிக் காட்ட, வைத்தியர் மருந்தைக் கூட்டுவார். கூட்டியதை வீட்டில் முழுதாய்க் குடிக்கும்போது தலைசுற்றி விழ நேரும். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னாலும், வைத்தியர் தடுத்திருந்தாலன்றி அழுத்தக் குளிசையைத் தண்ணீரோடு குடித்துவிட்டே போகலாம்.

5. உறையிலுள்ள எழுத்து

ஆஸ்பத்திரியில் குளிசையைச் சிறு கடதாசி உறையில் போட்டுத் தருகிறார்கள். அதன் மேல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருக்கும். மருந்துத் துண்டில் ‘மேனே’ என்றிருந்தால் காலை, ‘நொக்டே’ என்றால் இரவு, ‘பி.டி.’ என்றால் நாளுக்கு இரு வேளை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மூன்று வேளை. விளங்காவிட்டால் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி என்பது 1987இல் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் எழுதப்பட்டுள்ளது. வீட்டுக்கு வந்ததும், காலைக் குளிசை உறையில் சூரியனும் இரவுக் குளிசை உறையில் பிறையும் பிள்ளைகளைக் கொண்டு வரைவியுங்கள். எழுத்தறியாத பாட்டியும் பிழைவிடமாட்டார்.

குளிசையின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரே மருந்தை ஒரு மாதம் ஒரு கம்பனியும் மறு மாதம் வேறு கம்பனியும் செய்து அனுப்பும். நிறமும் வடிவும் மாறும். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கி மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, ஆஸ்பத்திரியில் இல்லாததை வெளியே வாங்க நேர்ந்தது. இப்படி வெளியே வேறு பெயரில் வாங்கியதையும் ஆஸ்பத்திரியில் தந்ததையும், இரண்டும் ஒரே மருந்தென்று அறியாமல் சேர்த்துக் குடிக்கும் ஆபத்து எப்போதும் உண்டு.

இதற்குப் பரிகாரம் மருந்தின் பொதுப் பெயரை அறிவதே. கம்பனி வைக்கும் பெயர்கள் பல. மருந்தின் பொதுப் பெயர் ஒன்றே. இந்த உண்மையை நம் நாட்டில் வற்புறுத்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்து, பொதுப் பெயரில் மலிவாக மருந்து வாங்கும் முறையை நிலைநாட்ட உழைத்தார். அவர் 1977இல் காலமானார். ஏழைக்கு மலிவாய் மருந்து கிடைக்க அவர் காட்டிய அதே வழி, இன்று நாம் ஒரே மருந்தை இருமுறை குடிக்காமலிருக்கவும் உதவுகிறது. உங்கள் குளிசைகளின் பொதுப் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். பார்மசியில் புதிதாய் எது வாங்கினாலும் அத்துண்டைக் காட்டுங்கள்.

6. கூடச் சேரக் கூடாதவை

முதலாவது, நோக் குளிசை. கொழுந்துக் கூடை சுமந்து முதுகும் தோளும் நொந்தவர்கள் டைக்ளோபெனக், ஐபுபுறூபன் ஆகியவற்றை வாங்கிப் போடுகிறார்கள். இவை அழுத்தத்தைக் கூட்டும். அத்துடன் லோசார்டன் அல்லது எனலப்ரிலும் சலக் குளிசையும் குடிப்பவருக்குச் சிறுநீரகத்தை வெகு விரைவில் பாதிக்கக்கூடும். நோவுக்கு அளவோடு பரசிற்றமோல் போடலாம். அதிலும் தீராவிட்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். மூக்கடைப்புக்கு விற்கும் தடிமன் குளிசைகள் சிலவும் அழுத்தத்தை ஏற்றும்.

இரண்டாவது, நாட்டு மருந்து. இருமலுக்கு அவித்துக் குடிக்கும் அதிமதுரத்தை அளவு மீறிப் பல நாள் குடித்தால், அது உடலில் உப்பைத் தேக்கி அழுத்தத்தைக் கூட்டும். மறுபக்கம், சர்ப்பகந்தா என்னும் வேர் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதைப் பம்பாய் வைத்தியர் றஸ்தம் ஜால் வாக்கில் 1949இல் பிரித்தானிய வைத்திய ஏடொன்றில் எழுதி உலகுக்கு அறிவித்தார். வேரும் மருந்துதான் என்பது இதனால் தெளிவு. ஆகவே, கஷாயம் எதுவானாலும் அதைக் குடிப்பதாக வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உப்பு. நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, நெத்தலி, ஊறுகாய், ரொட்டிக்கு வைக்கும் சம்பல் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் அக்கணக்கில் சேரும். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோய் மிகப் பரவலாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், அங்கு உப்பிட்ட தேநீர் குடிக்கும் பழக்கத்தையும் அதற்கொரு காரணமாகச் சுட்டினார்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பை, லோசார்டன், எனலப்ரில் குடிப்பவரும் சிறுநீரக நோயுள்ளவரும் வைத்தியரைக் கேளாமல் பாவிக்கக் கூடாது.

கசிப்பும் சாராயமும் அழுத்தத்தை ஏற்றும். குளிசையோடு சேர்ந்து மயக்கித் தள்ளவும் செய்யும்.

வாந்தி பேதி கண்டு உடல் வற்றியிருக்கும் நாட்களில், சலக் குளிசையையும் லோசார்டன், எனலப்ரிலையும் தொடர்வதா சில நாள் நிறுத்துவதா என்பதை அன்றே தோட்ட டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டறியுங்கள்.

7. நோன்பும் குளிசையும்

முதியோர் சிலர், நற்கருணை வாங்க வேண்டுமென்று ஞாயிறு காலைக் குளிசையை விடுகிறார்கள். நள்ளிரவு முதல் தண்ணீரும் தொடாதிருந்த பழைய ஒழுங்கு அவர்கள் மனத்தில் நிற்கிறது. 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் நோன்பை முறிக்காது என்று அறிவித்தார். 1964இல் ஆறாம் சின்னப்பர் நோன்பை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் இலக்கமும், தண்ணீரும் மருந்தும் நோன்புக்குத் தடையல்ல என்று தெளிவாய்க் கூறுகிறது. ஆகவே, குளிசையைத் தண்ணீரோடு குடித்துவிட்டுப் பூசைக்கு வாருங்கள்.

தவக்காலத்தில் ஒறுத்தல் செய்ய விரும்பும் நோயாளர் வெற்றிலை, புகையிலை, சாராயம், மிகை உப்பு ஆகியவற்றை விடட்டும், குளிசையை விடவேண்டாம்.

8. வைக்கும் இடம்

சப்ரகமுவையின் ஈரத்தில் குளிசை விரைவில் நமுத்துப்போகும். அடுப்புக்கு மேலுள்ள தட்டில் புகையும் சூடும் படும். இறுக்க மூடும் உலர்ந்த போத்தலிலோ தகரத்திலோ, உறையோடு வையுங்கள். பேரப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரமாயிருப்பது மிக அவசியம். அம்லோடிபின் போன்ற குளிசை ஒன்றிரண்டை விழுங்கினாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து வரலாம். பிள்ளை விழுங்கிவிட்டதாய் ஐயம் வந்தாலும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உங்கள் குளிசையை அடுத்த காம்பராக்காரருக்குக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாம்.

2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்தது. பாதை அடைபட்டால் கிளினிக்கும் அடைபடும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு கிழமைக்கேனும் மேலதிகக் குளிசை கையிலிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிளினிக் புத்தகத்தையும் குளிசையையும் பொலித்தீன் பையில் சுற்றி, எழுந்தோடும் நேரத்தில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

9. ஆபத்துக் குறிகள்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், திடீரெனப் பார்வை மங்குதல், நெஞ்சை அடைக்கும் நோ, மூச்சு முட்டல், தாங்கமுடியாத தலையிடி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அதற்குக் கட்டணமில்லை. அது வரும்வரை இரண்டு மூன்று அழுத்தக் குளிசையை வாயில் போடாதீர்கள். அழுத்தம் சடுதியாய் விழுந்து மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். பாரிசவாதக் குறி கண்டவருக்கு நீங்களாக அஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் அது கேட்டைப் பெருக்கும். குறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, குளிசைகளையும் கிளினிக் புத்தகத்தையும் கூடவே கொண்டு செல்லுங்கள்.

10. குடும்பத்தின் பங்கு

இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் 30 கிராமியப் பகுதிகளைச் சேர்ந்த 2,645 அழுத்த நோயாளரிடம் நடத்திய ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. பாதிப் பகுதிகளில் அரச சுகாதார ஊழியர்கள் வீடு வீடாய்ச் சென்று அழுத்தத்தை அளந்து, மருந்தையும் உணவையும் பற்றிக் கதைத்தார்கள். தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருட முடிவில் அங்கு மேல் எண் சராசரியாக 9 புள்ளி குறைந்தது. மற்றப் பகுதிகளில் ஏறத்தாழ 4 புள்ளியே குறைந்தது. வீடு தேடி வந்து, “குளிசை குடித்தீர்களா?” என்று அன்போடு கேட்பதும் அச்சிகிச்சையின் ஒரு பங்காயிருந்தது.

அப்படிக் கேட்க நம் வீட்டிலேயே ஆளிருக்கிறார்கள். அம்மா பிரட்டுக்குப் போகுமுன் மகள் கேட்கலாம். தாத்தா படுக்குமுன் பேரன் கேட்கலாம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை தொலைபேசியில் கேட்கலாம். நாற்பது வயதைத் தாண்டியும் ஒருமுறையேனும் அழுத்தம் அளந்து பார்க்காதவரை அடுத்த கிளினிக் நாளில் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் கூடிப் பேசுவதற்கு

1. நம் வீட்டில் அழுத்தக் குளிசை குடிப்பவர் யார்? அவருடைய குளிசைகளின் பொதுப் பெயர் என்ன?

2. கடந்த ஒரு கிழமையில் எத்தனை வேளை விடுபட்டது? ஏன்? அக்காரணத்தை நீக்க வீட்டார் என்ன செய்யலாம்?

3. வீட்டிலுள்ள நோக் குளிசை எது? அழுத்தமுள்ளவருக்கு அது ஆகுமா?

4. நமது கறியில் உப்பு எங்கெங்கிருந்து சேருகிறது?

5. அடுத்த கிளினிக் நாள் எது? அன்று யார் கூடப் போவது?